நம்பிக்கையும் தொழிற்பற்றும்

உலகத்திலே கூலிக்குக் கிடைப்பன சில, கிடையாதன சில. ஒருவனுடைய நேரத்தைக் கூலி கொடுத்துப் பெறலாம். அவன் கையின் வன்மையையும் கற்ற வித்தையையும் பெறலாம். ஆனால், தான் கண்ட குறையை அஞ்சாது எடுத்துரைக்கும் மனத்தையும், பிறிதோரிடத்தில் சிறிது மிகுதியாகக் கிடைப்பினும் இவ்விடத்தை விட்டகலாத பற்றையும் எத்துணைப் பொருள் கொடுத்தும் பெறுதல் அரிது. அவை தாமே வரவேண்டுவன. அவை எப்பொழுது வருகின்றன, எப்பொழுது வாராதொழிகின்றன என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி நம் மாணவ அன்பர்க்குப் புறம்பானதன்று. இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் சில ஆண்டுகளில் ஒரு நிர்வாகியின் கீழ்ப் பணிபுரிவர். அவருட் பலர் மேலும் சில ஆண்டுகளில் தாமே பிறரைப் பணிகொள்வர். இரு நிலையிலும் இப்பொருள் அவர்தம் வாழ்வைத் தொடுதல் உறுதி.

ஒருவர், இருவேறு நடை

சென்னைக் கடற்கரை நிலையத்தினின்று கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் இருப்புப்பாதையில், மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே அனுப்பம்பட்டு என்னும் சிறு நிலையம் உளது. விடியற்காலையில் அவ்வழிச் செல்லும் வண்டிகளில் இருவகை உழைப்பாளரைக் காணலாம். ஒரு சாரார் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கும், அத்திப்பட்டு எண்ணூர்ப் பக்கத்து மின்நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் செல்வோர். மற்றொரு சாரார் பழவேற்காட்டு ஏரியின் மீனையும் இறாலையும் நண்டையும் கூடைகளிற் சுமந்து செல்வோர். ஒரு குடும்பத்திலேயே அண்ணன் ஏரிக்கும் தம்பி ஆலைக்கும் போதல் அப்பக்கத்தில் புதுமையன்று.

எனக்கு மாமன் முறையாகும் ஒருவர் இளமையில் ஏரித் தொழில் செய்து, பின்னர் ஓர் இரும்புப் பட்டறையில் வேலைக்கு அமர்ந்தார். அங்கே பாரம் தூக்கும் சங்கிலியின் கண்ணியொன்று தேய்ந்திருப்பதை ஒருநாள் அவர் கண்டார். கண்டும் ஒருவரிடமும் கூறிற்றிலர். பத்து நாள் கழியுமுன் சங்கிலி அறுந்தது. இளைஞன் ஒருவனுடைய பாதம் நசுங்கியது. இதனைச் சொல்லுங்கால் அவர் குரல் தாழ்ந்தது. "தம்பி, அதற்குச் சில மாதம் முன்னே ஓசை சரியில்லை என்று யந்திரத்தை நிறுத்தியவனுக்கு, வேலையைக் கெடுத்தான் என்று அரைநாட் கூலி பிடித்தார்கள். வாய் திறந்தவனுக்குக் கூலி போயிற்று. வாய் மூடியவனுக்கு ஒன்றும் போகவில்லை. நான் அன்றே பாடம் படித்துக்கொண்டேன்" என்றார்.

"ஏரியிலும் இப்படித்தான் இருந்தீர்களா, மாமா?" என்று யான் வினவினேன்.

"ஏரியிலா? படகின் அடியில் ஈரம் கண்டால் எல்லாருக்கும் முன்னே கத்துகிறவன் நான்தான். அங்கே எனக்கு யார் அபராதம் போடுவார்? நான் நனைந்தால் பெரியவரும் நனைவார்" என்றார் அவர்.

மனிதர் ஒருவரே, கண்ணும் ஒன்றே, நடைமட்டும் இரண்டாயிற்று. ஏரியில் அவர் காட்டிய பற்றுப் பட்டறையில் எங்கே போயிற்று? அவர் சோம்பரல்லர்; குறித்த நேரத்திற் சென்று குறித்த வேலையை முடித்தே வந்தார். பட்டறை இழந்தது அவருடைய உழைப்பையன்று; அவர் அறிந்த உண்மையை. இவ்வேறுபாட்டை நன்கு மனத்திற் கொண்டால் இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி எளிதின் விளங்கும்.

பற்றின் வகையும் நம்பிக்கையின் உறுப்பும்

கனடா நாட்டு உளநூற் பேராசிரியரான ஜான் மேயரும் நதாலி ஆலனும் 1990-ஆம் ஆண்டினையொட்டி வெளியிட்ட ஆராய்ச்சிகளில், ஒருவன் தன் பணியிடத்தோடு பிணிக்கப்படுதல் மூவகைத்து என்று வகுத்துள்ளனர். விரும்பி நிற்றல் ஒன்று. விட்டால் இழப்பு நேருமென்று அஞ்சி நிற்றல் மற்றொன்று. நிற்பதே முறை என்னும் கடப்பாட்டால் நிற்றல் மூன்றாவது. புறத்தே நோக்குவார்க்கு மூவரும் ஒரே வாயிலில் ஒரே நேரத்தில் நுழைபவராகவே தோன்றுவர். ஆயினும், இடர் வந்துற்றபோது அச்சத்தால் நிற்பவன் தன்னைக் காத்துக்கொள்வான். விருப்பத்தால் நிற்பவன் வேலையைக் காப்பான்.

நம்பிக்கையாவது யாது? பிறனொருவன் கையில் நம் நன்மை தீமைகள் சிக்கியிருக்கும்போது, அவனை ஓயாது காவல் செய்யவியலாத நிலையிலும், அவன் நமக்குத் தீங்கு செய்யான் என்று துணிந்து இசைதலே நம்பிக்கை. அமெரிக்க நாட்டு ஆராய்ச்சியாளர் மூவர் 1995-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில், இத்துணிபு மூன்று காரணங்களால் பிறப்பதாகக் கூறினர்: மேலோனுடைய ஆற்றல், அவன் நம்பால் வைத்த நல்லெண்ணம், அவனுடைய நேர்மை என்பன அவை. மூன்றும் ஒருங்கு வேண்டும். தொழில் அறியாத நல்லவனும் நம்பத்தகான். நல்லெண்ணமில்லாத வல்லவனும் நம்பத்தகான். இவ்விரண்டும் இருந்தும் இன்று ஒன்றும் நாளை ஒன்றும் உரைப்பவன் யாவரினும் நம்பத்தகான்.

நம் திருக்குறளில் 'தெரிந்துதெளிதல்' என்றோர் அதிகாரம் உளது. பணிகொள்ளும் வேந்தன் பணிசெய்வானை ஆராய்ந்து நம்பவேண்டும் முறையை அது விரிக்கின்றது. நாம் ஈண்டு ஆராய்வது அதன் மறுபுறம். மேலிருப்பவன் கீழுள்ளானை ஆராய்வது போலவே, கீழுள்ளானும் மேலிருப்பவனை நாள்தோறும் ஆராய்ந்துகொண்டே இருக்கின்றான். அவன் கையில் ஏடில்லை, எழுதுகோலில்லை. ஆயினும் அவன் எழுதும் கணக்குத் தவறுவதில்லை.

ஏரி கற்பிக்கும் பாடம்

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவிற்கு அடுத்த பெருமையுடையது பழவேற்காட்டு ஏரி. ஆந்திரத்திலும் தமிழகத்திலும் பரந்து கிடக்கும் அவ்வேரியில் எவ்விடத்தும் ஒரே அளவாக மீன் கிடைப்பதில்லை. கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை அடுத்த நீரோட்டங்களில் இறால் மிகுதியாக வரும், பிறவிடங்களிற் குறையும். வலியவன் நல்லிடத்தைப் பற்றிக்கொண்டால் எளியவன் பட்டினி கிடக்க வேண்டுவதே. இதனைத் தடுத்தற்குப் பட்டினவர் குப்பங்களில் நெடுங்காலமாக வழங்கி வருவது 'பாடு' என்னும் முறை. உரிமையுடையோர் பெயர்கள் ஊரறியத் தொகுக்கப்படும். சீட்டெடுத்து வரிசை வகுக்கப்படும். அவ்வரிசைப்படி இடங்கள் மாறிமாறி வரும். இன்று வளமான நீரைப் பெற்றவன் பிறிதொருநாள் வறிய நீருக்குச் செல்வான்.

இம்முறையில் கருதத்தக்கது ஒன்று. ஊர்த்தலைவரை மக்கள் நம்புதற்கு, அவர் இனிமையாகப் பேசுவதும் விழாநாளில் விருந்தளிப்பதும் காரணமாகா. சீட்டு எல்லார் கண்முன்னும் எடுக்கப்படுகின்றது. தலைவருடைய வலையும் சீட்டிற்கு அடங்குகின்றது. அவர் மனம் எத்தகையதென்று ஒருவரும் ஆராய வேண்டுவதில்லை. அவர் கை கட்டப்பட்டிருத்தலை எல்லாரும் காண்கின்றனர். துருக்கி நாட்டு அலானியா என்னும் ஊரின் மீனவரும் இதனை ஒத்ததொரு முறையை வகுத்துக்கொண்டனர். ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் சீட்டிட்டு, ஒவ்வொருவரும் நாளுக்கோர் இடமாக ஜனவரி வரையிற் கிழக்கு நோக்கியும், அதன்பின் மே வரையில் மேற்கு நோக்கியும் பெயர்ந்து செல்வர். இத்தகைய பொதுவுடைமை முறைகளை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் அம்மையாருக்கு 2009-ஆம் ஆண்டில் பொருளியலுக்குரிய நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

இதன் குறையையும் மறைத்தல் தகாது. பாடு முறை அதன் வட்டத்திற்கு உட்பட்டார்க்கே நியாயம் வழங்குகின்றது. அவ்வட்டத்திற்குப் புறத்தே நிற்கும் பிற வகுப்பாரும் அதே ஏரியை நம்பி வாழ்பவரே. அவர்க்கு அச்சீட்டில் இடமின்மையால் ஏரியிற் பூசல்களும் வழக்குகளும் எழுந்துள்ளன. விதி எவரைப் புறத்தே நிறுத்துகின்றதோ அவரிடத்து நம்பிக்கையை எதிர்பார்த்தல் வீண். இவ்வுண்மை ஆலைக்கும் பொருந்தும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

பெரம்பூரில் நிகழ்ந்தது

ஏரியினின்று தெற்கே சென்னை நகர்க்கு வருவோம். பின்னி கம்பெனியாரின் நிர்வாகத்தில் பெரம்பூர்ப் பகுதியில் 1876-ஆம் ஆண்டில் பக்கிங்காம் ஆலையும், 1881-ஆம் ஆண்டில் கர்நாடிக் ஆலையும் தோன்றின. அவை நெய்த காக்கித் துணி நாடெங்கும் பெயர் பெற்றது. தொழிலாளர் பிள்ளைகட்குப் பள்ளி முதலிய நன்மைகளை அமைத்ததில் அக்காலத்து ஆலைகள் பலவற்றினும் இவை முற்பட்டன. ஆயினும், இந்தியாவின் முதல் ஒழுங்கான தொழிற்சங்கம் எனப் பலரானும் கூறப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் இவ்வாலைகளின் தொழிலாளரை முதன்மையாகக் கொண்டே பிறந்தது. நன்மை செய்த இடத்தில் அவநம்பிக்கை வளர்ந்தது எவ்வாறு?

ஆலையின் அருகே கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரிடம் தொழிலாளர் தம் குறைகளைக் கூறி வந்தனர். அவரும் இராமானுஜலு நாயுடுவும் பி. பி. வாடியாவை நாடினர், வாடியா சங்கத்தின் தலைவரானார். வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராயிருந்து பின்னர்ப் பத்திரிகைத் தொழிலிற் புகுந்த திரு. வி. கலியாணசுந்தரனாரும் அச்சங்கத்திற்குப் பெருந்துணையாயினார். தொழிலாளர் முதற்கண் கூறிய குறைகளுட் கூலிக் குறைவு மட்டுமன்றி, நண்பகலில் உணவருந்துதற்கு விடப்பட்ட நேரம் போதாமையும், மேற்பார்வையாளர்தம் கடுஞ்சொல்லும் கைந்நீட்சியும் இருந்தன. இவை ஆலைக்குள்ளேயே கேட்டுத் தீர்க்கத்தக்க சிறு குறைகள். ஆயினும், அவற்றைச் சொல்லுதற்கு ஆலைக்குள் ஓரிடமில்லை. ஆகவே, அவை வாயிலைக் கடந்து கடைத்தெருவிற்கு வந்தன. தம் குறையைத் தம் நிர்வாகியிடம் கூறாது கடைக்காரரிடம் ஒரு தொழிலாளி கூறுவானாயின், அதுவே அவநம்பிக்கையின் அளவுகோல்.

பின்னர் நிகழ்ந்தவை துன்பமானவை. கதவடைப்பும் வேலைநிறுத்தமும் மாறிமாறி வந்தன. நிர்வாகத்தார் வாடியாமீதும் சங்கத்தார்மீதும் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவு பெற்றனர். சங்கங்களுக்குச் சட்டக் காப்பு வேண்டுமென்னும் கிளர்ச்சிக்கு இவ்வழக்கு வித்திட்டது. 1926-ஆம் ஆண்டில் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. 1921-ஆம் ஆண்டில் மாதக்கணக்காக நீண்ட வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குச் சென்றோர்க்கும் செல்லாதார்க்கும் மூண்ட பகை சாதிக் கலகமாக மாறிற்று. புளியந்தோப்பில் உயிர்கள் மாண்டன. மேலோர்க்கும் கீழோர்க்கும் இடையே நம்பிக்கை அழியுங்கால், அண்டை வீட்டார் இருவர்க்கு இடையேயும் அஃது அழிந்துபோதல் கூடும் என்பதற்கு இது கொடிய சான்று.

வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தபின், 1922-ஆம் ஆண்டில் அவ்வாலைகளில் தொழிலாளர் பிரதிநிதிகளும் நிர்வாகத்தாரும் கூடியிருந்து குறைகளை ஆராயும் குழுவொன்று நிறுவப்பட்டது. இந்தியாவில் தோன்றிய தொடக்ககாலத் தொழிற்குழுக்களுள் அஃது ஒன்று. நூறு பேரும் அதற்கு மேற்பட்டோரும் பணிசெய்யும் இடங்களில் இத்தகைய குழு அமைத்தற்கு 1947-ஆம் ஆண்டின் தொழிற்றகராறுச் சட்டம் வழிவகுத்தது. பெரம்பூர் ஆலைகள் 1996-ஆம் ஆண்டில் முடிவாக மூடப்பட்டுவிட்டன. அவற்றின் சுவர்கள் கற்பித்த பாடம் மட்டும் மூடப்படவில்லை. நன்மை செய்தல் ஒன்று. நம்பிக்கை பெறுதல் மற்றொன்று. கொடுப்பவன் விரும்பும்போது கொடுத்து, விரும்பாதபோது நிறுத்தும் நன்மை, பெறுபவன் உள்ளத்தில் நன்றியை விளைவிக்கலாம், உறுதியை விளைவிப்பதில்லை.

அண்மையிலுள்ள முகம்

நிர்வாகம் என்பது தொழிலாளிக்கு ஒரு கட்டடமன்று, ஒரு முகம். அம்முகம் பெரும்பாலும் முதலாளியின் முகமன்று, மேஸ்திரியின் முகம். பழைய ஆலைகளில் ஆளெடுப்பவனும் வேலை பகிர்பவனும் விலக்குபவனும் அவனே. வேலை பெறுதற்கும் பெற்ற வேலையைக் காத்துக்கொள்ளுதற்கும் அவனுக்குக் கையூட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. 1929-ஆம் ஆண்டில் விட்லி என்பார் தலைமையில் நியமிக்கப்பட்டு 1931-ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்ட தொழிலாளர் பற்றிய அரச ஆணைக்குழு, இத்தீமையை வன்மையாகக் கண்டித்தது. ஆளெடுத்தலை மேஸ்திரி கையினின்று நீக்கித் தொழிலாளர் அதிகாரிகளை அமர்த்துமாறு பரிந்துரைத்தது. மேலே இருப்பவர் எத்துணைச் சான்றோராயினும், இடையே நிற்பவன் கை நீட்டுவானாயின், கீழுள்ளார்க்கு மேலவரும் அவ்வண்ணமே தோன்றுவர்.

நம் காலத்தில் மேஸ்திரியின் இடத்தை ஒப்பந்தக்காரர் பல இடங்களிற் கொண்டுள்ளனர். ஒருவர் வேலை வாங்குகின்றார். மற்றொருவர் கூலி கொடுக்கின்றார். பிறிதொருவர் விடுதி நடத்துகின்றார். 'யாரிடம் சொல்வேன்?' என்னும் வினாவிற்கு விடையில்லாத இடத்தில், நம்பிக்கை வைத்தற்குரிய ஆளே இல்லாமற் போகின்றது.

சொன்ன சொல் கேளாமற் போதல்

2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், சுங்குவார்சத்திரத்தை அடுத்த பாக்ஸ்கான் தொழிற்சாலையிற் பணிபுரிந்த பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாயிற்று. நூற்றைம்பதின்மருக்கு மேற்பட்டோர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். உடன் உறைந்த தோழியர் நிலை யாதென்று அறியாது மற்றப் பெண்கள் கலங்கினர். சிலர் இறந்துவிட்டனர் என்னும் வதந்தி பரவிற்று. எவரும் இறந்திலர். ஆயினும், இல்லையென்று சொன்ன சொல்லை நம்புவார் இலர். ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவு முழுதும் அமர்ந்தனர். தொழிற்சாலை மூடப்பட்டு, 2022 ஜனவரி மாதத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அப்பெண்களுட் பலர் ஒப்பந்தக்காரர் வாயிலாக அமர்த்தப்பெற்றவர்.

இந்நிகழ்ச்சியை முன்னர்க் கூறிய பட்டறையோடு வைத்து நோக்குக. அங்கே உண்மை கீழிருந்து மேலே ஏறவில்லை. இங்கே உண்மை மேலிருந்து கீழே இறங்கவில்லை. நம்பிக்கை என்பது உண்மை ஏறியிறங்கும் ஏணி. ஏணி ஒடிந்தபின் மேலிருப்பவன் மெய்யுரைப்பினும் பயனில்லை. கீழுள்ளான் மெய்யறியினும் பயனில்லை.

2024-ஆம் ஆண்டில் திருப்பெரும்புதூரை அடுத்த சாம்சங் ஆலையில் ஒரு மாதத்திற்கு மேல் வேலைநிறுத்தம் நிகழ்ந்ததும் நினைவுகூரத்தக்கது. சுற்றுப்புறத்து ஆலைகளினும் தாம் மிகுதியாக ஊதியம் அளிப்பதாக நிர்வாகத்தார் கூறினர். தொழிலாளரோ ஊதியத்தோடு தம் சங்கம் ஏற்கப்படுதலையும் தலையாய கோரிக்கையாக வைத்தனர். 1918-ஆம் ஆண்டிற் பெரம்பூரில் எழுந்த வினா, நூறாண்டு கடந்தபின்னும் தன் உருவத்தை மிகுதியும் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆராய்ச்சியாளர் அளந்தவை

மேற்கூறியவை சில ஊர்களின் கதை. பொதுவிதியாகுமோ என்று ஐயுறுவார் உளர். டிர்க்ஸ், பெரின் என்னும் இருவர் 2002-ஆம் ஆண்டில், தலைவர்பால் வைக்கும் நம்பிக்கையைப் பற்றி நாற்பதாண்டுகளில் நிகழ்ந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து எடை போட்டனர். இரு பொருள்கள் எத்துணை ஒருங்கே ஏறியிறங்குகின்றன என்பதைக் காட்டும் எண் ஒன்று உண்டு. தொடர்பே இல்லையாயின் அது 0. முற்றும் இயைந்தால் 1. தலைவர்பால் நம்பிக்கைக்கும் நிறுவனத்தின்பாற் பற்றுக்கும் உள்ள தொடர்பு 0.49 என்று அவர்கள் கண்டனர். அதே நம்பிக்கைக்கும் அளந்து காணப்படும் வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்போ 0.16 மட்டுமே. அண்மையிலுள்ள மேலதிகாரியை நம்புதல் அன்றாட வேலையோடும், உயர்தலைமையை நம்புதல் நிறுவனப் பற்றோடும் மிகுதியாகத் தொடர்புறுவதையும் அவர்கள் காட்டினர்.

இவ்விரண்டு எண்களும் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. 'தொழிலாளி என்னை நம்பினால் இரட்டிப்பாக உழைப்பான்' என்று எண்ணும் நிர்வாகி ஏமாறுவான். கை இயங்கும் விரைவை நம்பிக்கை மிகுதியாக மாற்றுவதில்லை. நிற்பதா, நீங்குவதா; நிறுவனத்தைத் தன்னதென்று கருதுவதா, பிறனதென்று கருதுவதா என்பவற்றோடே அது நெருங்கிப் பிணைந்துள்ளது. பற்று முன்னே தோன்றி நம்பிக்கையைப் பின்னே கொணர்தலும் கூடுமாதலின், தொடர்பு காட்டும் எண் காரணத்தை முற்றும் நிறுவாது என்பதையும் மறத்தலாகாது.

காரணத்தை இன்னும் தெளிவாகக் காட்டுவது கிரீன்பர்க் என்பார் 1990-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி. அமெரிக்க நிறுவனமொன்று தன் தொழிற்சாலைகள் இரண்டில் பத்து வாரத்திற்கு ஊதியத்தை நூற்றுக்குப் பதினைந்து குறைக்க நேர்ந்தது. ஓரிடத்தில் தலைவர் நெடுநேரம் அமர்ந்து, காரணத்தைக் கணக்கோடு விளக்கி, வருந்துவதாகவும் கூறி, வினாக்களுக்கு விடையளித்தார். மற்றோரிடத்தில் சில நிமிஷங்களில் செய்தியை அறிவித்து முடித்தனர். குறைப்பு இரண்டிடத்தும் ஒன்றே. ஆயினும், காரணம் கூறப்படாத இடத்திலே பொருள்கள் களவு போதல் மிகுதியாயிற்று. கூறப்பட்ட இடத்தில் அத்துணை மிகவில்லை. ஊதியம் மீண்டபின் களவும் தணிந்தது. இழப்பை மக்கள் பொறுப்பர். தம்மை ஒரு பொருட்டாக எண்ணாமையைப் பொறார்.

மருத்துவமனைகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன் அம்மையார் 1996-ஆம் ஆண்டில் ஒரு வியப்பைக் கண்டார். நல்ல தலைமையுடைய செவிலியர் குழுக்களிலே, மருந்து கொடுத்தலில் நேர்ந்த பிழைகள் மிகுதியாகப் பதிவாயிருந்தன. முதலில் இது தலைகீழாகத் தோன்றிற்று. நுணுகி நோக்கியபோது, அக்குழுவினர் மிகுதியாகப் பிழை செய்தவரல்லர், பிழையை மறையாது கூறியவர் என்னும் விளக்கம் புலனாயிற்று. குறை கேளாத நிர்வாகியின் ஏட்டில் குறையே இராது. அவ்வெறுமையைக் கண்டு மகிழ்பவன், தேய்ந்த சங்கிலியின் கீழ் நிற்பவனே.

நம்பிக்கைக்கும் எல்லை உண்டு

நம்பிக்கை எவ்வளவு மிகுகின்றதோ அவ்வளவும் நன்று என்று கூறுதல் சாலாது. ஆராயாது நம்புதலும், நம்பியபின் காரணமின்றி ஐயுறுதலும் தீராத துன்பந் தருமென்று வள்ளுவரும் கருதினார். தலைவனை நம்பி அவன் தவற்றையும் மறைப்பவன் நிறுவனத்திற்கு நன்மை செய்தவனாகான். 'உங்களை எம் குடும்பமாக எண்ணுகின்றோம்' என்று கூறி, உரிய கூலியையும் ஓய்வையும் குறைப்பாரும் உளர். அவர் நம்பிக்கையை வளர்ப்பவரல்லர், செலவிடுபவர். ஆதலின், நம்பிக்கை வேண்டுமென்பதற்காகச் சட்டமும் சங்கமும் வேண்டா என்பது பொருந்தாது. ஏரியிற் சீட்டு இருப்பதனாலன்றோ தலைவர் நம்பப்படுகின்றார்! காவல் உள்ள இடத்திலேதான் நம்பிக்கை அச்சமின்றி வளர்கின்றது.

மாணவர் கொள்ளத்தக்கவை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் பாடங்கள் நான்கு.

முதலாவது, விதி தன்னையும் கட்டுவதாக ஒழுகுக. பிறர் காலந்தாழ்த்தால் அபராதம் விதிப்பவன், தான் தாழ்த்தநாளில் அதனைச் செலுத்தும் முதல்வனாகுக.

இரண்டாவது, கெட்ட செய்தி கொணர்பவனைத் தண்டியாதொழிக. அவன் கூறியது தவறாகவே முடியினும், கூறியமைக்காக நன்றி சொல்லுக. ஒருவனுக்குப் பிடித்த அரைநாட் கூலி, நூறுபேர் வாயை அடைக்கும்.

மூன்றாவது, இனிப்பில்லாத முடிவைக் காரணத்தோடு நேரிற் கூறுக. அறிவிப்புப் பலகையின் பின்னே ஒளிந்துகொள்ளாதொழிக. முடிந்ததை வாக்களிக்க, முடியாததை முடியாதென்க.

நான்காவது, உமக்கும் உம்முடைய கடைசித் தொழிலாளிக்கும் இடையே நிற்பவர் யாவர், அவர் எவ்வாறு நடக்கின்றனர் என்பதை அறிக. ஒப்பந்தக்காரரின் ஆள் என்று ஒருவரையும் சீட்டின் வட்டத்திற்குப் புறத்தே நிறுத்தாதொழிக.

கீழ்நிலையிற் பணி தொடங்கும் அன்பர்க்கும் ஒன்று சொல்லவேண்டும். நம்பத்தக்கவனை நம்பாதிருத்தலும் ஒரு குற்றமே. நும் மேலோன் ஒருமுறை காது கொடுத்தான் என்றால், மறுமுறை சொல்லுதற்கு நீவிர் கடமைப்பட்டீர்.

என் மாமன் இப்பொழுது வேலையினின்று ஓய்ந்து, மாலைதோறும் வலை பழுதுபார்த்துப் பொழுது போக்குகின்றார். அந்த இளைஞன் நொண்டி நடத்தலை நினைக்குங்கால், "பட்டறையில் ஒருவர், ஒரே ஒருவர், 'என்னப்பா, ஏதேனும் கண்டாயா?' என்று கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்" என்று இன்றும் கூறுவார். அக்குற்றத்தில் தமக்கும் பங்கு உண்டு என்பதை அவர் மறுப்பதில்லை. அக்கேள்வியைக் கேட்பதற்கு ஒரு காசும் செலவில்லை. கேட்டபின் விடையைப் பொறுத்துக்கொள்ளும் நெஞ்சம் ஒன்றே வேண்டும். அந்நெஞ்சத்தை இக்கல்லூரியிற் பயிலும் காலத்திலேயே பெற்றுச் செல்வோமாக.